கிளிப் போட்ட கடைசி அத்தியாயம்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் கடிதம். நீங்களும் போனை எடுக்கப்போவதில்லை.

விஷயம் இதுதான். போன வாரம் உங்கள் பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "அத்தை, வீட்டை வாடகைக்கு விடப்போறோம். சாவி உங்ககிட்டதானே இருக்கு, பார்க்க வர்றவங்களுக்குத் திறந்து காட்டுங்க" என்றான். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை, சரின்னு தலையாட்டினாங்க" என்றான். நீங்கள் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால் நான் உங்களைக் கேட்டபோதும் இப்படித்தான் தலையாட்டினீர்கள்.

நேற்று ஒரு குடும்பம் வந்து பார்த்தது. கணவன், மனைவி, மாமியார். மாமியார்தான் தலைமை. எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், அலமாரிக் கதவுகளை ஆட்டிப் பார்த்தார், ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்துத் தூசு பார்த்தார். எல்லாம் பிடித்துப்போயிற்று. வாசல் கேட் மட்டும் பிடிக்கவில்லை. "என்னங்க இது, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பழுப்பு? முழுசா ஒரே கலர் அடிச்சுக் குடுத்துடுங்க" என்றார். நான் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன் அடித்த நீலம் அது. மற்றப் பாதியை அடிக்க அவனுக்கு நாள் இருக்கவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன், நலம் விசாரிக்க இல்லை.

இங்கே எல்லாரும் நலம். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் புத்தகக் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அதே நாற்காலிகள், அதே மீன் தொட்டி, சுவரில் அதே சொத்தைப் பல் படம். மேல்மாடி டீச்சருக்கு முழங்கால் வலி. பேக்கரிக்காரர் இன்னமும் பக்கங்களில் மாவுக் கைரேகை வைக்கிறார். உங்கள் நாற்காலியை யாரும் தொடாமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். தபால்காரர் அதில் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்.

பதில் போட்டால் போடுங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டை அவர்கள் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். ஏப்ரல் நடுவில் குடி வருகிறார்களாம். அப்போது சாவியைக் கொடுத்துவிடு.

பரணில் உன் அண்ணனின் ஸ்வெட்டர் இருக்கிறது. அதை மட்டும் நீ எடுத்துக்கொள். முழங்கையில் நூல் விட்டிருக்கிறது, உனக்குத் தைக்கத் தெரியும்.

நான் நலம். இங்கே ஒன்பதாவது மாடி. லிஃப்டில் ஒரு பெண் குரல் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 'ஒன்பதாவது தளம்' என்று சொல்லும்போது கடைசி வார்த்தையைப் பாதியிலேயே முழுங்கிவிடுகிறாள். முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்தவளுக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது கஷ்டம்தான். நிற்கிறேன். இப்போது நான் யாருக்கும் எதையும் சத்தமாகச் சொல்வதில்லை.

பல் டாக்டர் மீனுக்கு இரை போட மறந்துவிடுவார். ஞாபகப்படுத்து.

கடைசி அத்தியாயத்தை இப்போது யார் படிக்கிறார்கள்?

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

'எந்த நிறத்தில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.' இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவைதான் பார்த்தேன், அந்த வரி ஆரம்பிக்கிற இடத்தில் மை பரவியிருக்கிறது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. அந்த மட்டில் சந்தோஷம்.

கடைசி அத்தியாயத்தை யாரும் படிப்பதில்லை. அக்டோபரில் பல் டாக்டர் முயன்று பார்த்தார். 'நல்லா வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம்' என்பாரே, அதே குரல். கதாநாயகி அழுகிற இடத்தில் பேக்கரிக்காரர் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கம் தாண்டவில்லை, டாக்டரே மூடிவிட்டார். மற்றபடி நம் வழக்கமெல்லாம் அப்படியே. ஒரே ஒரு பிரதி வாங்குகிறோம், வீட்டுக்கு மூன்று நாள் என்று சுற்றுக்கு விடுகிறோம், கடைசி அத்தியாயத்துக்குத் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டிவிடுகிறோம். கூட்டத்தன்று அந்தக் கிளிப்பை எடுக்கத்தான் ஆளில்லை. 'இப்படித்தான் முடிஞ்சிருக்கும்', 'இல்லவே இல்லை' என்று சண்டை போட்டுவிட்டு டீயைக் குடித்துக் கலைகிறோம். அலமாரியில் கிளிப்போடு ஐந்து புத்தகம் நிற்கிறது. டீச்சர் வீட்டில் துணி காயப்போடக் கிளிப் இல்லையாம்.

கடைசி அத்தியாயத்தை முன்கூட்டி யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவன் அண்ணன். எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டுமாம், முன்னாலேயே தெரிந்துகொண்டு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் யாரும் உட்காரக் கூடாதாம். வாசித்துக்காட்டுகிறவர் என்பதால் உங்களுக்கு மட்டும் முதல் நாள் ஒத்திகை பார்க்க அனுமதி. அந்த அனுமதியை வைத்துத்தானே அந்தக் காரியம் செய்தீர்கள்?

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எழுதினால் எனக்கு ஆறும் என்று எழுதுகிறேன். போன ஜூன், முதல் ஞாயிறு. பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவனின் கதை. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அண்ணனும் அதே நோயோடு, மூக்கில் குழாயோடு, மீன் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் படித்தீர்கள். கதையில் அவன் குணமாகி வீட்டுக்கு வருகிறான். மிச்சமிருந்த நீலப் பெயிண்டை எடுத்துத் தன் வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிறான். தூரிகையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். முற்றும். அண்ணன் கைதட்டினான். அவன் எந்தப் புத்தகத்துக்கும் கைதட்டி நான் பார்த்ததில்லை. அவனுக்குப் படிப்பது என்றாலே பரிசோதனைதான். பாட்டில் தொழிற்சாலையில் வெளிச்சத்துக்கு எதிரே பாட்டிலைப் பிடித்துப் பிடித்துப் பழகியவன். தேறினால் டிக், தேறாவிட்டால் வட்டம். புத்தகத்திலும் படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் சின்னதாக ஒரு டிக், பிடிக்காத பக்கத்துக்கு வட்டம். சொந்தக் கல்யாணப் பத்திரிகையிலேயே வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவன் ஆயிற்றே.

மறுநாளே நீலப் பெயிண்ட் கேட்டான். பெயிண்ட் வாசனையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் மூன்று சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து அடித்தான். ஜூலை இருபத்தேழு போய்விட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் அந்தப் புத்தகத்துக்கு உறை தைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். என் தையல் கடைத் துண்டுத் துணியில்தானே நம் புத்தகங்களுக்கெல்லாம் சட்டை. அப்போதுதான் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் அவன் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போகிறான். பெண்டாட்டி வீட்டை விற்றுவிட்டுப் போகிறாள். கேட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

செப்டம்பர் கூட்டத்தில் கேட்டேன். "ஏன் அண்ணி, இந்தப் புத்தகத்துல கேட் எங்க இருக்கு?" என்றேன். தலையாட்டினீர்கள். "உங்க பொய்யை நம்பித்தான் அவன் பெயிண்டைக் கையில எடுத்தான். ஏமாத்தியே அனுப்பி வெச்சுட்டீங்க" என்றேன். அதற்கும் தலையாட்டினீர்கள். பத்தே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளையிடம் போய்விட்டீர்கள்.

இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். பதினான்கு வருஷப் புத்தகங்களையும் எடுத்து, நீங்கள் எத்தனை முடிவை மாற்றியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறேன். எனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஒருதரம் அளவெடுத்த இடுப்பைப் பத்து வருஷம் கழித்தும் சொல்வேன்.

நாத்தனார்

பி.கு. மீனுக்கு இரை போட்டாயிற்று.


மார்ச் 2

வாலுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பேர். முப்பத்திரண்டு வருஷம் நானும் இப்படியே கூப்பிட்டுவிட்டேன். 'நாத்தனாருக்கு' என்று எழுத இன்று கை வரவில்லை.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நானே சொல்லிவிடுகிறேன். மூன்று புத்தகம்தான். இரண்டாவது வருஷம் படித்தோமே, நாய் தொலைந்துபோகிற கதை, அது ஒன்று. தபால்காரரின் நாய் அந்த வாரம்தான் காணாமல் போயிருந்தது. கதையில் நாய் வரவே வராது. நான் மூன்று வரியில் அதைக் கூட்டிவந்து வாசலில் படுக்க வைத்தேன். இன்னொன்று ஜூனில் படித்தது. நடுவில் ஒன்று இருக்கிறது. அதைத் தேடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் விஷயம். சனிக்கிழமை சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். வழக்கம்போல் வாய்க்குள் படித்தேன். மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. முன்னறையில் உன் அண்ணனுக்கு மூச்சுக் கொடுக்கிற மிஷினின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இதை நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிப் படிப்பேன்? தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே அவர் இரண்டு வாரம் காத்துக்கொண்டிருந்தார். சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். அதனால் கடைசி நேரத்தில் பிளாட்பாரத்தை மாற்றி அறிவிப்பதுபோல் மாற்றிவிட்டேன். ஒரு சாயங்காலம் கடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர், "நீலத்துல ஒரு சின்ன டப்பா வாங்கிட்டு வா" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டப்பாவை வாங்கிவந்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளும் அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். நீ எல்லார் முன்னாலும் சொன்னாயே, அதை நான் அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் தலையாட்டினேன்.

நான் செய்யாத தாமதத்துக்கெல்லாம் முப்பது வருஷம் மைக்கில் 'வருந்துகிறோம்' என்று சொன்னவள். சொந்தத் தப்புக்கு ஒருதரம்கூட வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். வருந்துகிறேன்.

அன்றிலிருந்து எதையும் சத்தமாகப் படிப்பதில்லை. மருமகள் மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால்கூடக் கண்ணாடியைக் காணோம் என்கிறேன். கண்ணாடி என் நெற்றியில்தான் இருக்கிறது. அவளே படித்துக்கொள்கிறாள், நல்ல பெண்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

தேடாதே என்றால் தேடாமல் இருப்பேனா? என்னை இன்றைக்கா பார்க்கிறீர்கள்?

கிடைத்துவிட்டது. கட்டம் போட்ட துணியில் உறை போட்ட புத்தகம். கப்பலில் வேலைக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கிற பெண்ணின் கதை. நீங்கள் படித்தது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் காலை அவள் ஜன்னல் திரையை இறக்குகிறாள், அதை வெட்டிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு கவுன் தைக்கிறாள், வாசலில் 'தையல்' என்று பலகை மாட்டுகிறாள். முந்தாநாள் அசல் முடிவைப் படித்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை அண்ணி. தலை வெளுத்து, கண் மங்கி, அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதோடு முடிகிறது.

அன்று நான் எந்த நாற்காலியில் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கதவோரம். தபால்காரர் கூட்டத்துக்குச் சும்மா வந்தால்கூட அவர் கையைப் பார்ப்பேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன என் மனுஷனிடமிருந்து மூன்று வருஷமாக ஒரு வரி இல்லை. நீங்கள் படித்து முடித்த மறுநாள் காலை என் வீட்டு ஜன்னல் திரையை இறக்கினேன். பச்சைப் பூப் போட்டது. கவுனின் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டேன். அந்தக் கோணல் கவுனைப் பேக்கரிக்காரர் தன் மகளுக்கு வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்குப் பதினோரு வருஷம், இரண்டு மிஷின்.

அப்படியானால் நான் ஒரு பொய்யில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேனா? முதல் நாள் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடையைச் சாத்திவிட்டேன். அவசரமாகச் சட்டை வாங்க வந்தவரை நாளைக்கு வாங்க என்று துரத்திவிட்டேன். அளவு நாடாவைச் சுருட்டி சுவரில் வீசினேன், அது பாட்டுக்கு மிஷின் மேலேயே வந்து விழுந்தது. மறுநாள் உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு நீங்கள் உள்ளதை உள்ளபடி படித்திருந்தால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு இன்னும் அந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் அண்ணன் விஷயம் வேறு. நான் கேட்டு எழுந்தேன். அவன் கேட்டு நம்பினான். பிழைத்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டே போனானே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஏப்ரல் நாலாம் தேதி பெயிண்டர் வருகிறார். சாம்பல் நிறமாம், மாமியாரின் தேர்வு. வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். பெயிண்டரை விரட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாத்தனார்

பி.கு. நீங்கள் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.


மார்ச் 22

அன்புள்ள வாலுக்கு,

நீ ஜன்னலை விட்டு எழுந்தது உன் காலால். ரயில் வந்துவிட்டது என்று சொல்வது மட்டும்தான் என் வேலை, ஏறுவது பயணியின் வேலை. முப்பது வருஷத்தில் நான் சொல்லியும் ஏறாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கோணல் கழுத்துக் கவுன் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. குழந்தை அதைப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தே நடக்கும்.

'வேண்டாம்' என்று எழுதச் சொல்கிறாய். பேனாவை எடுத்து இரண்டு நாள் ஆயிற்று. என்னால் முடியவில்லை. அந்தப் பாதி நீலத்தைப் பார்த்தால், மூச்சு வாங்க மூச்சு வாங்க அடித்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லாமல் நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் வரும். அந்த வாசல் வழியாக இனி என்னால் உள்ளே போக முடியாது. சாம்பல் நல்ல நிறம், அழுக்குத் தெரியாது. அடித்துவிடட்டும்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஏங்கித்தான் போயிருக்கிறேன். முதல் ஞாயிறு வந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிடுவேன். இப்போது பேக்கரிக்காரர் வந்திருப்பார், 'நான் இந்தத் தரம் படிக்கவே இல்லைங்க' என்று சொல்லிவிட்டு எல்லாரையும்விட அதிகமாகப் பேசுவார். டீச்சர் அவரை உட்காரச் சொல்வார். டாக்டர் ஜன்னலைச் சாத்துவார். ஆறரைக்கு நீ கிளிப்பை எடுத்துப் புத்தகத்தை என் கையில் வைப்பாய். இந்த மாதம் அந்த நேரத்துக்கு என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன். "என்ன அத்தை, ஏதாவது வேணுமா?" என்று மருமகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையை மடக்கிக்கொண்டேன்.

வரச் சொல்லி எழுதாதே. நீ கூப்பிட்டு நான் வராமல் இருப்பது இதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

உன் அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அவர் சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று அந்தப் பாலத்துப் புத்தகத்தை எடுத்தேன். போன ஆகஸ்டிலிருந்து கோபத்தில் அதற்கு மட்டும் உறை தைக்காமலே என் வீட்டில் போட்டிருந்தேன். நீலத் துண்டு ஒன்று இருந்தது. அளவு பார்க்கப் புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்பக்கமாகத் திறந்தேன்.

கடைசி அத்தியாயம். பக்கத்தின் அடியில் அண்ணனின் டிக். முந்தின பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் டிக். அவன் டிக்குகளைப் பதினான்கு வருஷமாகப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அவை பக்க எண் மாதிரி ஆகிவிட்டன. ஆகஸ்டில் கோபத்தோடு வரிகளைத்தான் படித்தேன், அடியில் இருந்தது கண்ணில் பட்டாலும் மனசில் படவில்லை. இப்போதும் துணியை வெட்டக் கத்தரிக்கோலை வைத்த பிறகுதான் உறைத்தது. கடைசி அத்தியாயத்தில் அவன் டிக் எப்படி வந்தது?

யோசித்துப் பாருங்கள். ஜூன் கூட்டத்தில் நீங்கள் படித்து முடித்ததும் புத்தகத்தை உங்கள் கையிலிருந்து வாங்கி, நானே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டமே இல்லை, அலமாரியை யாரும் திறக்கவில்லை. நான் திறந்தபோது அவன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆக, கூட்டத்துக்கு அப்புறம் அவன் அதைத் தொட்டிருக்கவே முடியாது. முன்னால்தான். கடைசிச் சுற்று எப்போதும் உங்கள் வீடு. நீங்கள் சமையலறையில் ஒத்திகை முடித்துவிட்டுக் குளிக்கவோ கடைக்கோ போன நேரத்தில் அந்த மனுஷன் மிஷின் குழாயையும் இழுத்துக்கொண்டு எழுந்து வந்து கிளிப்பை எடுத்திருக்கிறான். சட்டம் போட்டவனே திருடியிருக்கிறான்! அத்தியாயத்தின் ஓரத்தை யாராவது தடவினாலே எங்களைப் பார்த்து முறைப்பானே அண்ணி. ஞாயிற்றுக்கிழமை வரை இருப்போமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம்தான் மிச்சம் புரிந்தது. அவனுக்கு முடிவு தெரியும். தெரிந்துகொண்டுதான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்து, புத்தகத்தில் இல்லாத கேட்டை நீங்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கைதட்டியது எழுதினவனுக்கு இல்லை, உங்களுக்கு. பிழைத்துவிடுவோம் என்று நம்பி அவன் பெயிண்ட் வாங்கவில்லை. பெண்டாட்டி தனக்காகச் சொன்னதை நிஜமாக்கிவிட்டுப் போகலாம் என்று வாங்கியிருக்கிறான். ஒரு நிமிஷம்கூட அவன் ஏமாறவில்லை. ஏமாந்தது நான்தான்.

அண்ணி, என்னை மன்னித்துவிடுங்கள். அத்தனை பேர் முன்னால் உங்களைக் கேட்டது தப்பு. நேற்றுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலேயே அதைச் சொல்லியும்விட்டேன். தபால்காரர் உங்கள் நாற்காலியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கைக்குட்டையால் அதைத் துடைத்தார். அவர் நாயை யார் வாசலுக்குக் கூட்டிவந்தது என்றும் சொன்னேன். தெரியும் என்றார். அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தை அவர் அந்த வாரமே கிளிப்பை எடுத்துப் படித்துவிட்டாராம், யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகத்தை நீல உறையோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடைசித் தாளுக்கு மட்டும் கிளிப் போட்டிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் வேலை, ஒத்திகை பார்க்கிறவர் நீங்கள்தான். கிளிப் டீச்சருடையது, திருப்பித் தர வேண்டும்.

உங்கள் வாலு


ஏப்ரல் 12

வாலு,

பார்சல் நேற்று வந்தது. ஒரு நாள் முழுக்க உறையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்று காலை பிள்ளையும் மருமகளும் கடைக்குப் போன பிறகு திறந்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். டிக். டிக். போகப் போகக் கை நடுங்கியிருக்கிறது, டிக்கின் வால் மேலே ஓடுகிறது. கூட்டத்தன்று தாளில் இல்லாததைப் படித்துக்கொண்டிருந்ததில் இவை என் கண்ணில் படவே இல்லை. அப்புறம் கிளிப்பை எடுத்தேன். அவன் சாகிறான், அவள் வீட்டை விற்கிறாள், முற்றும். அதற்கு அடியில் டிக் இல்லை. வட்டம். ஒன்றுக்கு இரண்டு சுற்று, தாளின் பின்பக்கம் புடைக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறார். தேறவில்லை, திருப்பி அனுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அண்ணன் எதிரே உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குவதுபோல் இருந்தது. சிரித்து முடிக்கிறதற்குள் அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்த மருமகள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பத்து மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது, வாலு.

ஒன்று ஞாபகம் வந்தது. மூன்றாவது சாயங்காலம் ஒரு பக்கக் கதவு முடிந்தபோது, "போதும், மிச்சத்தை நாளைக்கு அடிக்கலாம்" என்றேன். "மிச்சம் உனக்கு" என்றார். மூச்சு முட்டுகிறது, அதனால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையிடம் பேசிவிட்டேன். வீடு வாடகைக்கு இல்லை. அந்த மாமியாருக்கு அவனே போன் செய்து சொல்லிவிட்டான். உனக்குத் தெரிந்த வேறு நல்ல வீடு இருந்தால் அவர்களுக்குக் காட்டு, பாவம், குழாயெல்லாம் திறந்து பார்த்தார்கள். மத்தியானம் டிக்கெட் எடுக்க நானே கீழே போய் வந்தேன். திரும்பி வரும்போது லிஃப்டில் அந்தப் பெண் வழக்கம்போல் வார்த்தையை முழுங்கினாள். 'ஒன்பதாவது தளம்' என்று நான் முழுசாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, சரியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஏழு மாதத் தாமதத்துக்கு வருந்துகிறேன். அலமாரியில் இருக்கிற புத்தகங்களுக்குக் கிளிப்பை யாரும் எடுக்க வேண்டாம், மே முதல் ஞாயிறிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கலாம். இனிமேல் இருப்பதை இருக்கிறபடிதான் படிப்பேன். வேறு முடிவு வேண்டும் என்கிறவர்கள் எனக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நீலத்தில் ஒரு சின்ன டப்பா வாங்கி வை. பழையது மாடிப்படிக்குக் கீழே இருக்கும், காய்ந்துபோயிருக்கும். நிறம் மாறிவிடாமல் இருக்க அதன் மூடியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போ. தூரிகை வாங்க வேண்டாம். அன்றைக்கே அவர் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

உன் அண்ணி